மேசைமேல் இரண்டு டி-ஷர்ட்

வர்த்தகக் கொள்கை ஆய்வு வேலைக்கு வரலாமா என்று கேட்கிறவர்களிடம், 2012-இல் திருப்பூரில் கழிந்த ஒரு மதியத்தைப் பற்றித்தான் நான் சொல்வேன்.

டெல்லியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வளரும் நாடுகளின் பொருள்களுக்கு இறக்குமதி வரியைக் குறைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி வரிச்சலுகையால் நம் ஆயத்த ஆடைக்கு எவ்வளவு லாபம் என்று கணக்கிட வேண்டும். அப்போது டி-ஷர்ட்டுக்கு வழக்கமான வரி 12 சதவீதம், நமக்கு 9.6. அந்த வித்தியாசத்தை மொத்த ஏற்றுமதியோடு பெருக்கி, பெரிய தொகை ஒன்றை எழுதி வைத்திருந்தேன்.

அதைச் சரிபார்க்கத்தான் திருப்பூர் போனேன். ஒரு பனியன் கம்பெனி முதலாளி, அறுபது வயதிருக்கும், என் அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் இரண்டு டி-ஷர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது நம்மூர் நூலு, நிட்டிங்கும் இங்கயேதான். இதுக்கு ஃபார்ம் ஏ கிடைக்குமுங்க தம்பி. இது சீனாவுல இருந்து வந்த பாலியஸ்டர் துணி. வெட்டித் தைக்கறது மட்டும்தான் இங்க. இதுக்குக் கிடைக்காது. உங்க கணக்குல ரெண்டும் ஒண்ணா இருக்குதுங்களே?”

சலுகை வரி கிடைக்க அப்போது காட்ட வேண்டியிருந்த தோற்றச் சான்றிதழ்தான் ஃபார்ம் ஏ. எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு பொருள் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று தீர்மானிக்கும் தோற்ற விதிகளைப் படித்தவன்தான் நான். நூலைத் துணியாக்குவது, துணியை ஆடையாக்குவது, இரண்டுமே இங்கே நடக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் கணக்கில் அதைச் சேர்க்கவே இல்லை. வங்கதேசம் போன்ற மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கோ 2011 ஜனவரியிலிருந்து தைத்தாலே போதும், வரியும் பூஜ்யம்.

அவர் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார். 3 யூரோ மதிப்புள்ள டி-ஷர்ட் அங்கே இறங்கும்போது, ஃபார்ம் ஏ இருந்தால் வரி சுமார் 29 சென்ட், இல்லாவிட்டால் 36. வங்கதேசத்துச் சிட்டகாங்கிலிருந்து போனால் வரி ஒன்றுமில்லை. “பையர் அஞ்சு சென்ட்டுக்கு ஒரு மணி நேரம் பேசுவானுங்க” என்றார்.

அன்று இரவே லாட்ஜில் உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து தொடங்கினேன். எந்த வரித் திட்டத்தின்கீழ் சரக்கு இறங்கியது என்ற தரவு ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டிலேயே இருக்கிறது. அதுவரை அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்கள் பொருளாதார மாதிரிகளுக்கு முன்னால் அந்தத் தரவைப் படிக்கப் பழகுங்கள். தொகை நன்றாகவே சுருங்கியது. மேலதிகாரிக்கு வருத்தம்தான், ஆனாலும் மாற்றச் சம்மதித்தார்.

அன்று மதியம் நான் கிளம்பும்போது அந்தப் பெரியவர் வாசல்வரை வந்தார். “வர்த்தகப் பேச்சுவார்த்தைக்குப் போறவங்ககிட்ட இந்தத் துணி விஷயத்தைச் சொல்லுங்க தம்பி.” அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதை வைத்தேன்.