டின் காக்டெயிலின் அடிச்சரக்கு (அடிப்படை மது) எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம். எனக்கு குளூட்டன் (கோதுமை, பார்லியில் இருக்கும் புரதம்) ஒத்துக்கொள்ளாது, அதனால் பீர் பக்கமே போவதில்லை. இப்போது டின்னில் வரும் காக்டெயில், ஹார்ட் செல்ட்சர் (மது கலந்த சுவை சோடா) மீதும் சந்தேகம் வந்துவிட்டது.

கையில் இரண்டு டின் இருக்கிறது. இரண்டிலும் எலுமிச்சைப் படம், 355 மில்லி, 5 சதவீத ஆல்கஹால். ஒன்றில் வோட்கா என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. மற்றதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், ஓரத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் 'மால்ட்'. மால்ட் என்றால் முளைகட்டிய தானியம், பெரும்பாலும் பார்லிதானே!

செல்ட்சருக்குக் கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்து, நிறமும் மணமும் போகும்வரை வடிகட்டி, சோடாவும் சுவையும் சேர்ப்பவர்கள் உண்டு. மால்ட்டையே அப்படி வடிகட்டுபவர்களும் உண்டு. நாக்குக்கு வித்தியாசம் தெரியாது.

சிட்ரிக் அமிலம் புளிப்புக்கு, சோடியம் பென்சோயேட் கெடாமலிருக்க. சரி, அதெல்லாம் புரிகிறது. லேபிளில் அடிச்சரக்கே இல்லாவிட்டால் என்ன செய்வது? வடிகட்டிய மால்ட் பானம் குடித்து உங்களில் யாருக்காவது வயிறு தொந்தரவு வந்ததா? அப்புறம், தயாரிப்பில் வேலை செய்பவர்கள் இருந்தால், 'இயற்கைச் சுவை' என்ற ஒரே வார்த்தைக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும் என்றும் சொல்லுங்கள். வோட்கா டின்னை மட்டும் இப்போதைக்குக் குளிரவைத்திருக்கிறேன்.