லோ கியர் இல்லாத ஃபோர் வீலும் ஒரு ஃபோர் வீலா?

மண்டூரான்:
நேற்று இங்கே ஒரு தம்பி வேன் கேட்டு எழுதியிருந்தார். வீட்டில் எட்டுப் பேர். திருவிழாவுக்கு உகந்தை முருகன் கோயில், இடைக்கிடை வட்டை (வயல்வெளி), லீவு நாளில் உன்னிச்சைக் குளத்துப் பக்கம். இதற்கெல்லாம் போய்வர உயரக் கூரை வைத்த ஃபோர் வீல் வேன் எது நல்லது என்று கேட்டார். அதற்கு வாவிக்கரை என்ற மேதை சொன்ன பதில்: "ஹைரூஃப் கேடிஎச் (டொயோட்டா ஹைஏஸ்) ஃபோர் வீல் எடுங்கள், மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து குமணக் காடு வரை ஜீப்புக்கு வேலையே இல்லை."

கேடிஎச்சில் லோ கியர், அதாவது சக்கரத்தை மெதுவாகவும் பலமாகவும் சுற்ற வைக்கிற கியர், இல்லை ஐயா. நாலு சக்கரமும் சுற்றும் என்பதற்காக அது காட்டு வண்டி ஆகிவிடாது. டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கிற பெட்டியில்) லோ கியர் இருந்தால்தான் எஞ்சினைக் கத்த விடாமல் சுரிக்குள் (சேற்றுக்குள்) ஊர்ந்து வெளியே வரலாம். மிட்சுபிஷி டெலிகா எல்300 ஃபோர் வீல் வேனில் அது இருக்கிறது. 1994இல் வந்த டெலிகா ஸ்பேஸ் கியர் வேனிலும் இருக்கிறது. கீழே கிடப்பது பஜேரோ ஜீப்பின் சாமான். தம்பி லீசிங்கில் கையெழுத்து வைக்க முன் இதை வாசிக்கட்டும்.

வாவிக்கரை:
மேதை என்றதற்கு நன்றி. பாணமையிலிருந்து உகந்தைக்குக் கிட்டத்தட்ட 16 கிலோமீற்றர் கிறவல் ரோட்டு. ஆடித் திருவிழாவுக்கு அதே ரோட்டில் இ.போ.ச. (அரச) பஸ் ஆட்களை அடைத்துக்கொண்டு போகிறது. பின் சக்கரம் மட்டும் இழுக்கிற பஸ். அதில் லோ கியர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மண்டூரான் காட்டட்டும்.

கேடிஎச்சில் இருப்பது விஸ்கஸ் கப்ளிங். பின் சக்கரம் வழுக்கினால் முன்னுக்கும் பின்னுக்கும் வேகம் வித்தியாசப்படும், உள்ளே இருக்கிற சிலிக்கன் திரவம் இறுகும், முன் சக்கரத்துக்கும் இழுவை போகும். டிரைவர் ஒரு கம்பியையும் பிடித்து இழுக்கத் தேவையில்லை. எட்டுப் பேர் குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

மண்டூரான்:
ஆடியில் பஸ்ஸும் போகும், சைக்கிளும் போகும். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் வெறுங்காலோடு அந்தக் காட்டையே கடக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் போய்ப் பாருங்கள். கிரான் புலிபாய்ந்தகல் பக்கம் மாரியில் ரோட்டு எப்படி இருக்கும் என்று தெரியுமா? அந்த நேரத்தில் உங்கள் சிலிக்கன் இறுகினால் என்ன, உருகினால் என்ன. லோ கியர் வேண்டும்.

வாவிக்கரை:
மாரியில் புலிபாய்ந்தகல்லில் ஓடுவது தோணி. தோணியிலும் லோ கியர் பூட்டுவீர்களா?

சம்மாந்துறைக் காக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. வெள்ளத்தை வைத்துப் பகிடி வேண்டாம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு மெசினையே தண்ணி இழுத்துக்கொண்டு போனது, மதரசாப் பிள்ளைகள் மௌத்தானார்கள். ரோட்டுக்கு மேலால் தண்ணி ஓடினால் எந்த வாகனமும் இறங்கக் கூடாது. ஃபோர் வீல் இருக்கிறது என்ற தைரியத்தில் இறங்குகிறவன்தான் முதலில் போவான். இதை மட்டும் சொல்ல வந்தேன்.

மண்டூரான்:
காக்கா சொல்வது சரி, ஆனால் அது வேறு கதை. நான் வெள்ளத்தைச் சொல்லவில்லை, வெள்ளம் வடிந்த பிறகு கிடக்கிற சுரியைச் சொல்கிறேன். சுரிக்கு லோ கியர்.

ஆரையம்பதி மங்கை:
ஒரு கேள்வி. அந்தத் தம்பி கேட்டது லேசான காட்டுப் பாதைக்கு. லேசு என்று எதைச் சொல்கிறீர்கள்? குளக்கட்டு ரோட்டா, கடற்கரை மணலா, மழை பெய்த வயல் வழியா? அதை முடிவு செய்தால் பாதிச் சண்டை தீராதா?

வாவிக்கரை:
எந்தப் பாதை என்றாலும் விஸ்கஸ் போதும் அக்கா.

மண்டூரான்:
எந்தப் பாதை என்றாலும் லோ கியர் வேண்டும் தங்கச்சி.

கராஜ் பாஸ்:
இவ்வளவு நேரம் சும்மா வாசித்தேன், இனிப் பொறுக்க முடியாது. தினமும் இந்த வேன்களுக்குக் கீழே படுத்துக் கிடக்கிறவன் சொல்கிறேன்.

லோ கியர் மெதுவாக ஏறவும் இறங்கவும் நல்லது, மறுப்பில்லை. ஆனால் வேன் புதைவது கியரால் இல்லை. வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் குழிக்கு மேல் தொங்கினால், சாதாரண டிஃப்ரன்ஷியல் பூட்டிய வண்டி எதுவாக இருந்தாலும் அந்த இரண்டும்தான் காற்றில் சுற்றும். லோ கியர் போட்டால் மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான். பின்னுக்கு எல்எஸ்டி (ஒரு சக்கரம் சும்மா சுற்றினாலும் மற்றதுக்கும் இழுவை கொடுக்கிற டிஃப்ரன்ஷியல்) இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

மணலில் டயர்க் காற்றுத்தான் விஷயம். 35, 40 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு இறங்கி அக்சிலேற்றரை மிதிப்பார்கள், ரெண்டு நிமிடத்தில் அக்சில் மட்டும் தாழும். 18, 20க்கு இறக்கினால் டயர் விரிந்து மணலுக்கு மேலே மிதக்கும். திரும்பக் கார்ப்பெட் (தார்) ரோட்டுக்கு ஏறியதும் காற்று அடிக்க ஒரு சின்னப் பம்பும் வேனிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, கேடிஎச் ஃபோர் வீல்காரருக்கு. விஸ்கஸ் வண்டியில் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். பின்னுக்கு ரெண்டு புது டயர், முன்னுக்கு ரெண்டு மொட்டை டயர் போட்டு ஓடினால் கார்ப்பெட் ரோட்டிலும் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடேறிச் செத்துப்போகும். மறுகா என்னிடம் வந்து "பாஸ், ஃபோர் வீல் வேலை செய்யுதில்லை" என்றால் நான் என்ன செய்ய?

வாவிக்கரை:
இதைத்தானே நானும் சொன்னேன். லோ கியர் தேவையில்லை என்று பாஸே சொல்லிவிட்டார்.

கராஜ் பாஸ்:
அப்படி நான் சொல்லவில்லை.

மண்டூரான்:
பாருங்கள், "லோ கியர் நல்லது" என்று பாஸே எழுதியிருக்கிறார். மூன்றாவது பந்தியைத் தேட வேண்டாம், இரண்டாவது பந்தியின் முதல் வசனம்.

உகந்தை யாத்திரி:
மண்டூரான் ஐயாவிடம் ஒன்று கேட்கலாமா? டெலிகா டெலிகா என்கிறீர்கள். 2007இல் வந்த டெலிகா டி5இல் லோ கியர் இருக்கிறதா? இல்லை. ஒரு வட்டச் சுவிட்ச்தான். இரண்டு சக்கரம், ஆட்டோ, லொக், மூன்றும் அதிலேயே. உங்கள் டெலிகாவைச் செய்தவனே லோ கியரைக் கைவிட்டுவிட்டான், நீங்கள் மட்டும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

மண்டூரான்:
டி5ஐ நான் டெலிகாக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உகந்தை யாத்திரி:
பின்னால் பெயர் அடித்திருக்கிறதே ஐயா.

மண்டூரான்:
பெயர் யாரும் அடிக்கலாம். லோ கியர் இருந்தால் டெலிகா.

வாவிக்கரை:
சரி, லோ கியர் உள்ள டெலிகாவையே எடுப்போம். எல்300 ஸ்டார் வேகன் 1999இல் நின்றுபோனது. ஸ்பேஸ் கியர் 2007 வரை. ஆக, ஆக இளைய வண்டிக்கே இருபது வயது ஆகப் போகிறது. டெலிகாவின் 4டி56 எஞ்சின் ஒருதரம் சூடேறினால் ஹெட் வெடிக்கும் என்பது ஊர் அறிந்த கதை. எஞ்சின் இருப்பது முன் சீற்றுக்குக் கீழே, பங்குனி வெயிலில் அக்கரைப்பற்றுத் தாண்டும்போது டிரைவரின் தொடை வெந்துவிடும். புகைப் பரிசோதனையில் பாஸ் பண்ண வைக்க என்னென்ன மந்திரம் ஓதுகிறார்கள் என்று பாஸிடம் கேளுங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழசுகளுக்கும் பவுண் விலை சொல்லத் தொடங்கினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டும், வரியைப் பார்த்தால் புதுசின் பக்கம் போக முடியவில்லை. அந்தத் தம்பி கிழட்டு வண்டி வாங்கிக் கராஜுக்குச் சம்பளம் கட்ட வேண்டுமா?

மண்டூரான்:
எஞ்சின் சீற்றுக்குக் கீழே என்கிறீர்கள். கேடிஎச்சில் எங்கே இருக்கிறது? கூரையிலா?

ஹெட் வெடிக்கிறது என்றால் ரேடியேற்றரைக் கவனிக்காதவனுக்கு வெடிக்கிறது. கேடிஎச்சின் 1கேடி எஞ்சினுக்கு இன்ஜெக்டர் போனால் நாலையும் மாற்ற எவ்வளவு கேட்பார்கள் என்று சொல்லாமல் விட்டீர்களே. அதைச் சொல்ல மாட்டீர்கள். போன வருடம் எனக்கு விற்ற டயர் செட்டின் வயதையும்தான் சொல்லவில்லை.

வாவிக்கரை:
டயர்க் கதை இங்கே எதற்கு? பார்த்துத்தானே வாங்கினீர்கள். பக்கச் சுவரில் திகதி அடித்திருக்கிறது, நாலு இலக்கம், எத்தனையாவது வாரம் என்பதும் வருடமும். வாசிக்கத் தெரிந்தவர் வாசித்திருப்பார்.

மண்டூரான்:
இரவு எட்டு மணிக்கு, லைட் இல்லாத வளவுக்குள் வைத்து விற்றால் எதை வாசிப்பது?

சம்மாந்துறைக் காக்கா:
இதுதானா பிரச்சினையின் வேர்! நான் ரெண்டு நாளாக லோ கியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேன் கேட்டவன்:
அண்ணன்மாரே, வேன் கேட்டவன் நான்தான். எனக்கு ஹைரூஃப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். அம்மாவுக்கு முழங்கால் நோ, குனிந்து ஏற முடியாது. அதற்காகத்தான் உயரக் கூரை கேட்டேன்.

கராஜ் பாஸ்:
தம்பி, கேடிஎச் நீள உடல் ஹைரூஃப் 5380 மில்லிமீற்றர் நீளம், 1880 அகலம், 2285 உயரம். உள்ளே 1.6 மீற்றர் அளவுதான் கிடைக்கும், அம்மாவுக்குச் சரி, நீங்கள் கொஞ்சம் குனிய வேண்டும். ஃப்ளாட் ரூஃப் சின்ன உடல் 4695 நீளம், 1695 அகலம், 1980 உயரம். அது வட்டை வழிக்கு எவ்வளவோ லேசு.

நீள உடலின் பின்பக்கம் சக்கரத்துக்கு அப்பால் நெடுக நீட்டிக்கொண்டு நிற்கும். குருமண்வெளியில் பாதையில் (வாவியைக் கடக்க வாகனம் ஏற்றுகிற மிதவையில்) ஏற்றும்போது முன் சக்கரம் பலகையில் ஏறினதும் பின் பம்பர் கரையில் உரசும், பக்கத்தில் நிற்கிறவன் "ஓ ஓ" என்று கத்துவான். குளக்கட்டில் மருத மரக் கொப்புகள் கூரையைக் கீறும். சாமானையும் கூரைக் கெரியரில் அடுக்கினால் பாரம் மேலே ஏறி, குழி விழுந்த இடத்தில் வேன் பக்கவாட்டில் ஆடும். பாரத்தைத் தரையோடு வையுங்கள். அம்மாவுக்கு ஒரு கால்படி பூட்டிக் கொடுக்கலாம், ஆனால் அது தொங்கினால் காட்டில் முதலில் கழன்று விழுவது அதுதான், மடக்கக்கூடியதாகப் பார்த்துப் போடுங்கள்.

ஆரையம்பதி மங்கை:
நன்றி பாஸ். இதைத்தான் தொடக்கத்திலேயே எதிர்பார்த்தேன்.

மண்டூரான்:
படி, பம்பர் எல்லாம் சரி. லோ கியர் இருந்தால் பாதைப் பலகையில் அங்குலம் அங்குலமாக ஏற்றலாம், பம்பரும் உரசாது.

உகந்தை யாத்திரி:
ஐயா, பம்பர் உரசுவது நீளத்தால். மெதுவாக ஏற்றினால் மெதுவாக உரசும்.

வாவிக்கரை:
கல்முனைப் பக்கத்து கராஜ்காரர் சொன்னால் அளவு கூடச் சரியாக இருக்கிறது. மட்டக்களப்பு டவுனில் கேட்டால் "எடுங்க, பாப்பம்" என்று மட்டும்தான் பதில் வரும்.

கராஜ் பாஸ்:
நான் மட்டக்களப்பு டவுன்தான்.

சம்மாந்துறைக் காக்கா:
ஆனாலும் கல்முனைப் பக்கம் பாஸ்மார் கெட்டிக்காரர்தான், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கராஜ் பாஸ்:
காக்கா, கல்முனையில் கியர் பொக்ஸ் கழற்றின வண்டிகள் என்னிடம்தான் திரும்பப் பூட்ட வருகின்றன. கிடக்கட்டும்.

சம்மாந்துறைக் காக்கா:
அதெப்படிக் கிடக்கட்டும் என்று விடுவது? எந்த வண்டி, எப்போது, சொல்லுங்க பாப்பம்.

மண்டூரான்:
எல்லோரும் கதையை மாற்றப் பார்க்கிறீர்கள். மூன்றாம் தரம் கேட்கிறேன்: கேடிஎச்சில் லோ கியர் இருக்கிறதா, இல்லையா? ஒரு சொல்லில் பதில்.

வாவிக்கரை:
தேவையில்லை.

மண்டூரான்:
இருக்கிறதா, இல்லையா என்று கேட்டேன்.

வாவிக்கரை:
தேவையில்லை என்று சொன்னேன். போன மாரியில் வெல்லாவெளிப் பக்கம் ஒரு டெலிகாவை உழவு மெசின் கட்டி இழுத்த படம் என்னிடம் இருக்கிறது. வண்டி நம்பரும் தெளிவாகத் தெரிகிறது. போடட்டுமா?

மண்டூரான்:
அது கிளச் போனதால் நின்ற வண்டி. புதைந்தது இல்லை.

உகந்தை யாத்திரி:
கழுத்தளவு சுரிக்குள் நின்றுகொண்டு கிளச் போனதா ஐயா?

மண்டூரான்:
கழுத்தளவு இல்லை, அரைச் சக்கரம். கிளச் சரியாக இருந்திருந்தால் லோ கியரில் வெளியே வந்திருப்பேன். வாய்ப் பேச்சு வேண்டாம். மழை விழட்டும், உன்னிச்சைக்கு அங்கால் நான் காட்டுகிற வயல் வழிக்கு வாவிக்கரை தன் கேடிஎச்சோடு வரட்டும். நான் டெலிகாவோடு வருகிறேன். யார் இழுபடுகிறார்கள் என்று பார்ப்போம்.

வாவிக்கரை:
வருகிறேன். டீசல் யார் போடுவது?

மண்டூரான்:
தோற்கிறவர்.

வாவிக்கரை:
அப்படியென்றால் முதலில் அந்தக் கிளச்சை மாற்றிக்கொண்டு வாருங்கள். மறுகா கிளச் போனது, தோல்வி செல்லாது என்று சொல்லக் கூடாது. நடுவர் பாஸ்.

கராஜ் பாஸ்:
நான் வர மாட்டேன். ரெண்டு பேரும் எனக்குப் பழைய பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

வேன் கேட்டவன்:
அண்ணன்மாரே, சுசுகி எவ்ரி ஹைரூஃபிலும் ஃபோர் வீல் வருகிறதாமே, அது சரிவருமா?

மண்டூரான்:
எட்டுப் பேரை 660 சிசியில் ஏற்றவா? அதில் லோ கியர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி.