மலைப் பாதையில் மங்கும் படம்: ஜப்பானின் ஒன்செக் ஒளிபரப்பு பற்றி ஓர் ஐயம்

கேள்வி

வணக்கம். யோகோகாமாவில் பணிபுரிகிறேன். சென்ற வாரம் நண்பரின் காரில் பின்னிருக்கையில் அமர்ந்து ஹாகோனே மலைக்குச் சென்றபோது, திரையில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்த செய்தி ஒரு கொண்டை ஊசி வளைவில் சட்டென மங்கி, எழுத்துகளைப் படிக்க முடியாதபடி ஆகிவிட்டது. குரல் நிற்கவில்லை, ஆனால் வாசிப்பாளர் சொல்லி முடித்த வாக்கியத்தின் பின்பாதி மறுபடியும் ஒலித்தது. மூலையில் 'ஒன்செக்' என்ற குறி தெரிந்தது. இது வேறொரு கோபுரத்திலிருந்து வரும் தனி ஒளிபரப்பா?

மறுமொழி 1

தனி ஒளிபரப்பு அன்று. ஜப்பானின் தரைவழி எண்ணிமத் தொலைக்காட்சி முறையான ஐஎஸ்டிபி-டியில் 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 14 பங்காகப் பிரித்து, ஒரு பங்கை அண்டை அலைவரிசைகளுக்கான இடைவெளியாக விட்டு, மீதி 13 துண்டுகளில் ஒளிபரப்புகிறார்கள். நடுத்துண்டு ஒன்றுதான் 2006 ஏப்ரல் 1 முதல் கைபேசிக்கும் வாகனத்துக்கும் உரியது, அந்த 'ஒரு துண்டு' ஒளிபரப்பே ஒன்செக்; மற்ற 12 துண்டுகளும் வீட்டுத் தொலைக்காட்சிக்குரிய உயர்தெளிவுப் படத்தைச் சுமக்கின்றன.

வீட்டுப் படத்துக்கு 64 கியூஏஎம் பண்பேற்றம் (தகவலை அலையில் ஏற்றும் முறை) என்பதால், அலையின் ஒவ்வொரு நிலையும் 64 புள்ளிகளில் எது என்பதைப் பெறும் கருவி பிரித்தறிய வேண்டும். நடுத்துண்டுக்குரிய கியூபிஎஸ்கே என்ற பண்பேற்றத்திலோ நான்கே புள்ளிகள். முன்னதற்குச் சுமார் 20 டெசிபெல் சைகைத் தெளிவு வேண்டும், பின்னதற்கு ஏழுக்கும் குறைவாகவே போதும். மலை மறைத்ததும் முன்னது விழுந்தது, பின்னது தாக்குப்பிடித்தது; கருவி தானாகவே அதற்குத் தாவியது.

கேட்டவர்

நன்றி. அப்படியானால் 13 துண்டுகளையுமே அந்த உறுதியான முறையில் அனுப்பிவிடலாமே?

மறுமொழி 1

அனுப்பலாம், ஆனால் படம் கொள்ளாது. நடுத்துண்டில் விநாடிக்கு ஏறத்தாழ 416 கிலோபிட் மட்டுமே செல்கிறது; 13 துண்டுகளுக்கும் கணக்கிட்டால் சுமார் 5.4 மெகாபிட். இப்போது வீட்டுக்கான 12 துண்டுகள் 16.8 மெகாபிட் வரை தருகின்றன, எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய உயர்தெளிவுப் படம் அதில்தான் அடங்குகிறது. கூரையில் அசையாமல் நிற்கும் ஆன்டெனாவுக்காக அவ்வளவு தரத்தை விட்டுக்கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

மறுமொழி 2

வாக்கியம் இருமுறை ஒலித்ததற்கும் காரணம் உண்டு. ஒன்செக் படத்தைச் சிறு அளவுக்குள் சுருக்குவதற்கும் மீண்டும் விரிப்பதற்கும் கூடுதல் நேரம் பிடிப்பதால், அது வீட்டுப் படத்தைவிடச் சில விநாடிகள் பின்தங்கி வருகிறது. கருவி அதற்குத் தாவியபோது நீங்கள் கடந்தகாலத்துக்குள் சற்றே நழுவினீர்கள்! விளையாட்டு ஒளிபரப்பில் இது வேடிக்கைதான். நில அதிர்வு முன்னெச்சரிக்கையில் அப்படியன்று. ஆகவேதான் அந்த எச்சரிக்கைத் தகவலைப் படத்தோடு சேர்த்துச் சுருக்காமல், அதே நடுத்துண்டிலுள்ள துணைச் சுமப்பலைகள் வழியாக நேரடியாக அனுப்பும் ஏற்பாட்டையும் வகுத்திருக்கிறார்கள்.

தாவல் தொல்லையாக இருந்தால், மலைப் பயணத்தின்போது மட்டும் அமைப்பில் ஒன்செக்கையே நிலையாகத் தேர்ந்துகொள்ளலாம். பல கருவிகளில் அந்த வசதி உண்டு.