1998 மாருதி ஜென்: பாடி பாகங்கள் எங்கே கிடைக்கும், எந்த என்ஜினை ஏற்றலாம்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1998ஆம் ஆண்டு என் தந்தையார் வாங்கிய மாருதி ஜென் ஒன்று எங்கள் வீட்டில் இன்றும் ஓட்டத்தில் இருக்கிறது. கார்புரேட்டர் பொருத்திய, 993 சி.சி. கொள்ளளவும் 50 குதிரைத்திறனும் உடைய பழைய வகை. பதிவுச் சான்று 2028 வரை புதுப்பிக்கப்பட்டிருப்பதால் வண்டியை விற்கும் எண்ணம் இல்லை. ஆனால் பாடி மிகவும் தளர்ந்துவிட்டது. பானெட்டின் முன் விளிம்பு துருவேறி மடிப்பு பிரிந்து நிற்கிறது. இடப்பக்க ஃபெண்டரில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் தகடு போய், முன்பு யாரோ பூசிய பட்டிதான் வடிவத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் காலடித் தரையும் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது.

மதுரையில் விசாரித்த கடைகளில் ‘ஜென் பானெட்’ என்று எடுத்துக் காட்டியவை எவையும் என் வண்டிக்குப் பொருந்துபவையாகத் தெரியவில்லை. டிங்கரிங் செய்பவரோ, தேடி அலைய வேண்டாம், எல்லாவற்றையும் ஃபைபரில் வார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். இதற்கிடையே என்ஜினும் களைத்துவிட்டது; கொடைக்கானல் மலைச்சாலையில் ஏ.சி.யை அணைத்தால்தான் இரண்டாம் கியரிலாவது ஏறுகிறது. பாடி வேலைக்காக வண்டியைப் பிரிக்கும்போதே மாருதியின் எஸ்டீம் காரில் வந்த 1.3 லிட்டர் என்ஜினை ஏற்றிவிடலாமா, அல்லது பிற்கால ஜென்னில் வந்த 16 வால்வு என்ஜின் போதுமா என்பதே என் இரண்டாவது கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கூவம்கரை எழுதியது:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் உங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் அதுதான். 1993இல் வெளிவந்த ஜென்னுக்கு 2003இல் முகம் மாற்றினார்கள். விளக்கு, கிரில், பம்பர், பானெட் என்று முன்பக்கம் வேறாகிவிட்டது. 1999இல் வட்ட விளக்குகளோடு வந்த ஜென் கிளாசிக்கின் முகம் தனி. 2006 இறுதியில் வந்த ஜென் எஸ்டிலோவுக்கும் உங்கள் வண்டிக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் கிடையாது. கடைக்காரரிடம் வெறுமனே ‘ஜென்’ என்றால் அவர் கைக்கு எட்டுவது எஸ்டிலோ பாகமாகத்தான் இருக்கும். ஆகவே ‘2003க்கு முந்தைய பழைய ஜென்’ என்று சொல்லி, முன்பக்கப் படத்தையும் சேஸிஸ் எண்ணையும் காட்டிக் கேளுங்கள்.

புதிய பாகங்களுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், பிரித்தெடுத்த பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையிலும் தேடலாம். டெல்லி காஷ்மீரி கேட் கடைகளிலிருந்து பார்சலில் வரவழைப்பவர்களும் உண்டு. ஆனால் தகடு வழியில் நசுங்கி வந்தால் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு என்பதால், பானெட் போன்ற பெரிய பாகத்தை நேரில் பார்த்து வாங்குவதையே நான் விரும்புவேன். நிறுவனத்தின் அசல் பாகம் எங்காவது தேங்கிக் கிடந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். அது கிடைக்காவிட்டால், வேறு யாரோ அச்செடுத்துச் செய்த புதிய தகட்டைவிடத் துருவில்லாத பழைய அசல் தகடே மேல் என்பது என் கருத்து. அச்செடுத்த தகடுகள் பல நேரம் மெல்லியவை. கீல் துளைகள் சற்று விலகியிருக்கும். விளிம்பு மடிப்புக்குள் நீர் புகாமல் அடைக்கும் சீலர் பசை இருக்காது. உங்கள் பானெட் மடிப்பு பிரிந்ததே அங்கே நீர் புகுந்துதான் என்னும்போது, சீலர் இல்லாத புதிய பானெட்டும் சில மழைக்காலங்களில் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

பழைய பாகத்தை வாங்கும்போது மெல்லிய துணியில் ஒரு சிறு காந்தத்தைச் சுற்றி, தகட்டின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நல்ல தகட்டில் பிடித்து இழுக்கும் காந்தம், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் பிடி தளர்ந்து வழுக்கும். ஃபெண்டராக இருந்தால் திருப்பி உட்பக்கத்தையும் பாருங்கள்: வெளியே பளபளத்து, உள்ளே சுத்தியல் தடம் தெரிந்தால் அது அடிபட்டு நிமிர்த்தியது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பானெட், ஃபெண்டர், விளக்கு, பம்பர் நான்கையும் வண்டியில் மாட்டி இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெயின்டருக்கு இது பிடிக்காது, இருந்தாலும் வற்புறுத்துங்கள்.

பானெட்டும் முன் ஃபெண்டரும் போல்ட்டில் கழலும். பின்சக்கர வளைவு அப்படியல்ல, பாடியோடு வெல்டிங்கில் இணைந்தது. அதற்கு வேறொரு வண்டியிலிருந்து அந்தப் பகுதியை மட்டும், தேவைக்குச் சற்று அதிகமாகவே வெட்டி வாங்கி, உங்கள் வண்டியில் துரு இல்லாத தகடு தொடங்கும் இடம்வரை வெட்டியெடுத்துப் பொருத்த வேண்டும். சூடு அதிகம் பரவாத சி.ஓ.2 வெல்டிங் உள்ள பட்டறையில்தான் இதைக் கொடுக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கின் சூடு பரவித் தகடு நெளிந்தால், அந்த நெளிவை மறைக்க மறுபடியும் பட்டிதான் போடுவார்கள். இணைத்த பிறகு துத்தநாகப் பிரைமர் அடித்து, வளைவின் உட்குழிவில் மெழுகுப் பூச்சைத் தெளிக்கச் சொல்லுங்கள்.

தரையின் ஈரத்துக்கு ஒட்டுத் தகடு போடுவதற்கு முன், நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பரில் ஒருவர் நிதானமாக நீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே விளக்கோடு அமர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். மழையில்லாத நாளிலும் ஈரமென்றால் ஏ.சி. நீர் வெளியேறும் குழாய் கழன்றோ அடைத்தோ இருக்கலாம். அண்டர்கோட்டிங் அடிப்பவர்கள் கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவது வழக்கம். அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

நெல்லைச்சீமை எழுதியது:

ஃபைபரைப் பற்றி மட்டும் ஒரு சொல். பம்பருக்கு ஃபைபர் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. பானெட்டுக்கு வேண்டாம். கையால் வார்த்த ஃபைபரில் பூட்டுக் கொக்கியையும் கீலையும் தாங்கும் இடங்களில் உள்ளே இரும்புச் சட்டம் வைத்து வார்க்காவிட்டால், என்ஜின் சூட்டிலும் அதிர்விலும் அங்கே விரிசல் விடும். நெடுஞ்சாலையில் பானெட் எழும்பிக் கண்ணாடியை மறைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் டிங்கரிங்காரரையே கேட்டுப் பாருங்கள். பின்சக்கர வளைவு பாடியின் வலுவில் பங்குள்ள பகுதி என்பதால், அங்கே ஃபைபர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

செட்டிப்பாளையம் சாலை எழுதியது:

என்ஜின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயை ஒட்டி வளர்ந்த பட்டறைகளில் ஜென்னுக்குள் எஸ்டீம் என்ஜினை ஏற்றுவது புதிய செய்தியே அல்ல. இரண்டும் சுசுகியின் ஜி வரிசை அலுமினிய என்ஜின்கள். ஜென்னின் ஜி10பி-க்கு போர் (சிலிண்டரின் விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 61 மி.மீ., எஸ்டீமின் 1.3 லிட்டர் என்ஜினுக்கு 74 மி.மீ. போர், 75.5 மி.மீ. ஸ்ட்ரோக். அதாவது 1298 சி.சி.யில் கூடுதல் கொள்ளளவின் பெரும்பங்கு ஸ்ட்ரோக்கிலிருந்து வருகிறது. மலையில் குறைந்த சுழற்சியிலேயே அது இழுப்பதற்குக் காரணம் இதுதான். எஸ்டீமின் 16 வால்வு வகை 85 குதிரைத்திறன் தருவது. ஏறத்தாழ முக்கால் டன் எடையுள்ள ஜென்னில் அதை வைத்தால் வண்டி பறக்கும் என்பதில் ஐயமில்லை. மாருதியின் ஜிப்ஸி ஜீப்பிலும் 1.3 லிட்டர் ஜி13 குடும்ப என்ஜினே 2018 வரை வந்துகொண்டிருந்ததால், என்ஜினின் உட்பாகங்களுக்கும் பெரிய தட்டுப்பாடு இல்லை.

ஆனால் பறக்கும் வண்டி நிற்கவும் வேண்டும். 50 குதிரைத்திறனுக்காக அமைத்த பிரேக், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டு என்ஜினை மட்டும் மாற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றையும் மாற்றினால் செலவு வண்டியின் விலையைத் தாண்டும். பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது நியாயமான செலவு. குடும்பத்தோடு கொடைக்கானல் போகும் வண்டிக்கு அல்ல.

ஜென்னின் 16 வால்வு என்ஜின் 993 சி.சி.யிலேயே 60 குதிரைத்திறன் தருவது. கூடுவது பத்துதான் என்றாலும், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) என்பதால் காலையில் சோக் இழுக்க வேண்டியதில்லை. மலை உயரத்தில் காற்று மெலியும்போது எரிபொருள் அளவை அதுவே திருத்திக்கொள்ளும். இதில் சிக்கல் என்னவென்றால், என்ஜினை மட்டும் வாங்கி வந்தால் எதுவும் நடக்காது. இ.சி.யு. எனும் என்ஜின் கணினி, முழு ஒயரிங், சென்சார்கள், த்ராட்டில் பாடி, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோடு சைலன்சர் குழாய் எல்லாம் வேண்டும். உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்ப் என்ஜினில் இருக்கிறது, எம்.பி.எஃப்.ஐ. ஜென்னில் அது டேங்குக்குள் இருக்கிறது. ஆகவே டேங்கும் குழாய்களும்கூட மாற வேண்டும். இவற்றை ஒரே வண்டியிலிருந்து, ஒயரை நறுக்காமல், கழற்றித் தருபவரிடம் வாங்குங்கள். இமொபிலைசர் (உரிய சாவி இல்லாமல் என்ஜினை இயங்கவிடாத திருட்டுத் தடுப்புக் கருவி) உள்ள வண்டியாக இருந்தால் அதன் சாவியும் அதற்குரிய கருவியும் சேர்ந்து வராவிட்டால் இ.சி.யு. உயிர்பெறாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் இப்போதுள்ள என்ஜினின் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, சோதியுங்கள். என்ஜின் சூடான நிலையில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி அளக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே (சதுர செ.மீ.க்கு) ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைவாகக் காட்டும் சிலிண்டரில் சில துளி ஆயில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங். ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ கசிகிறது. ஏ.சி. போட்டு மலையேற முடியவில்லை என்று சொல்லி வந்த பல ஜென்களில் வால்வு லேப்பிங் (வால்வு கசியாமல் அமரும்படி தேய்த்துப் பொருத்துவது), புதிய டைமிங் பெல்ட், கிளட்ச், சரியான இக்னிஷன் டைமிங் ஆகியவற்றோடு கதை முடிந்திருக்கிறது. கிளட்ச் வழுக்குவதை என்ஜின் பலவீனம் என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

ஆர்.சி.புத்தகம் எழுதியது:

மேலே சொன்னவர் சட்டத்தைத் தொடவில்லை, ஆகவே சேர்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 993 சி.சி. என்று பதிவான வண்டியில் 1298 சி.சி. என்ஜின் இருந்தால் அது நேரடியாக இந்தத் தடைக்குள் வருகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முயலும் என்பது.

என்ஜின் மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு புதிய என்ஜின் எண்ணைச் சான்றில் ஏற்ற வேண்டும். கொள்ளளவு அதே 993 என்றாலும் 16 வால்வு என்ஜின் உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய வகை அல்ல என்பதால், அதிகாரி ஏற்பார் என்று நினைத்து என்ஜினுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பழைய என்ஜின் வாங்கும்போது, என்ஜின் எண் எழுதிய ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகலும் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால், விற்றவர் நழுவிவிடுவார், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. எஸ்டீம் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். கம்ப்ரெஷன் சோதனையில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டியது; ஆயில் விட்டும் ஏறவில்லை. ஆகவே ஹெட்டை இறக்கி வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கடையில் காட்டிய பானெட்டும் எஸ்டிலோவுடையதுதான் என்று இப்போது உறுதியாகிவிட்டது. தரை ஈரத்துக்குக் காரணம் கண்ணாடி ரப்பர். ஹெட்டை இறக்கும்போதே கார்புரேட்டரிலும் ஏதேனும் செய்ய வேண்டுமா?

செட்டிப்பாளையம் சாலை எழுதியது:

மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்க வாய்ப்புண்டு. ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினிய ஹெட் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறியிருந்தால்கூட வளைந்திருக்கலாம், அப்படியே புதிய கேஸ்கெட் போட்டால் மீண்டும் கசியும்.

கார்புரேட்டரில் கட்டாயம் செய்ய வேண்டியது உண்டு. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 1998இல் வந்த ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டயாஃப்ரம், ஓ ரிங், எரிபொருள் குழாய்கள் எல்லாம் நாளடைவில் ஊறி உப்பும் அல்லது விரிசல் விடும். எனவே கார்புரேட்டர் கிட் ஒன்றை வாங்கி மாற்றிவிட்டு, டேங்கிலிருந்து என்ஜின்வரை உள்ள ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். எத்தனால் கலந்தால் கலவை சற்று மெலியும் என்பதால், வேலை முடிந்ததும் புகைச் சோதனைக் கருவியில் வைத்து மிக்ஸ்சர் திருகைச் சரிசெய்யச் சொல்லுங்கள். காதால் கேட்டுத் திருகுவது போதாது. பழைய டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், முதல் சில வாரங்களுக்குப் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைக் கூடுதலாக வண்டியிலேயே வைத்திருங்கள்.