லாடம் அடிச்சு நாலு நாள், இன்னிக்குக் காலை முன்னங்காலை ஊன்றவே மாட்டேங்குது. உதவுங்க

செவலைக்காரன்:
9 வயசு செவலைப் பெண்குதிரை. நேத்து சாயங்காலம் ஓட்டத்துல லேசா தாங்கித் தாங்கி நடந்துச்சு. கல்லு குத்தியிருக்கும்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலைல பார்த்தா மூணு கால்லதான் நிக்குது, வலது முன்னங்கால் நுனி மட்டும் தரையைத் தொடுது. காயம், வீக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியல. தீனி எடுக்குது. கையில ஃபினைல்பியூட்டசோன்ங்கிற வலி மருந்துப் பவுடர் இருக்கு, கொடுக்கலாமா?

கடைசி லாயம்:
டாக்டர் பார்க்கிற வரைக்கும் கொடுக்காதீங்க. வலி மறைஞ்சா எந்த இடம்னு அவரால கண்டுபிடிக்க முடியாது. அதைவிட, எலும்புல விரிசல் விட்டிருந்தா வலி தெரியாம அந்தக் காலை அழுத்தி ஊன்றிடும். நடக்க வைக்காம லாயத்துலயே நிறுத்துங்க.

இப்போ ரெண்டு விஷயம் பாருங்க. கணுக்காலுக்குப் பின்பக்கம், ரெண்டு ஓரத்துலயும் விரலை லேசா வச்சு நாடி பிடிங்க. நல்லா இருக்கிற கால்ல அது தேடினாத்தான் கிடைக்கும். அப்புறம் குளம்புச் சூட்டை மத்தக் காலோட ஒப்பிடுங்க. ஒரு குளம்பை மட்டும் தொட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீங்க, வெயில்ல நின்னாலும் சூடாத்தான் இருக்கும்.

முத்துக்குதிரை:
எங்க தாத்தா மஞ்சளை எண்ணெயில குழைச்சுக் குளம்பு மேல பூசுவார்.

கடைசி லாயம்:
பூசினா கெடுதல் இல்லீங்க. ஆனா குளம்போட கெட்டியான வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே போகாது.

செவலைக்காரன்:
வலது கால்ல நாடி தட்டு தட்டுன்னு அடிக்குது, இடதுல கிடைக்கவே இல்ல. வெளிப்பக்கம் சூடு அதிகம். உடம்புச் சூடு 38.1 டிகிரி செல்சியஸ்.

கடைசி லாயம்:
38.1 இயல்புதான், 38.5 வரைக்கும் பயமில்ல. குளம்புக்குள்ள சீழ் கட்டியிருக்குன்னுதான் எனக்குத் தோணுது. குளம்பு விரிஞ்சு கொடுக்காது, உள்ளே கொஞ்சம் சீழ் சேர்ந்தாலே எலும்பு முறிஞ்ச மாதிரி நொண்டும். ரெண்டு முன்னங்காலும் சூடாகி, உடம்பைப் பின்னால சாய்ச்சு நின்னா அது வேற நோய், அது இன்னும் அவசரம்.

லாடம் அடிக்கிறப்போ எந்த ஆணிக்காவது காலை வெடுக்குன்னு இழுத்துச்சா?

செவலைக்காரன்:
ஆமாண்ணே, வெளிப்பக்கத்துல ஒரு ஆணிக்கு இழுத்துச்சு. சேட்டைன்னு நினைச்சு நான்தான் அதட்டினேன்.

கடைசி லாயம்:
அங்கேதான் இருக்கும். குளம்புச்சுவரும் உள்ளங்குளம்பும் சேர்ற இடத்துல தெரியுற வெள்ளைக்கோட்டுக்கு வெளியேதான் ஆணி ஏறணும். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனாலும் உயிர்ச்சதையைக் குத்தும், இல்ல நெருக்கும். டாக்டர், லாடக்காரர் ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல வரச் சொல்லுங்க. லாடக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, கைதேர்ந்தவங்களுக்கும் நடக்கிறதுதான். டெட்டனஸ் ஊசி எப்போ போட்டதுன்னு தேடி வைங்க, குதிரைக்கு அது லேசுல வந்துடும்.

இந்த இழையைப் படிக்கிற மத்தவங்களுக்கு: தரையில கிடந்த ஆணி உள்ளங்குளம்புல ஏறி நின்னா பிடுங்கிடாதீங்க. இன்னும் ஆழமா ஏறாதபடி பார்த்துக்கிட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. ஆணி உள்ளே இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தாத்தான் எது வரைக்கும் போயிருக்குன்னு தெரியும்.

செவலைக்காரன்:
சாயங்கால நிலவரம். டாக்டர் குளம்புக் கிடுக்கியால சுத்தி அழுத்திக்கிட்டே வந்தார். வெளிப்பக்கம் மூணாவது ஆணிகிட்ட வந்ததும் அவரையே தள்ளிடுச்சு. லாடத்தைக் கழட்டினதும் அந்த ஓட்டையில இருந்து கறுப்புத் தண்ணி, தாங்க முடியாத நாத்தம். ஒரு மணி நேரத்துல காலை ஊன்றிடுச்சு! டெட்டனஸ் ஊசியும் போட்டாச்சு. ஆன்டிபயாடிக் இப்போதைக்கு வேண்டாம்னுட்டார். எப்சம் உப்புத் தண்ணியில ஊற வச்சுக் கட்டச் சொன்னார். கட்டு நிக்கவே மாட்டேங்குது.

மண்குளம்பு:
குழந்தைங்க டயாபரைக் குளம்புக்கு மாட்டி, மேல அகல டேப்பைக் குறுக்கும் நெடுக்குமா ஒட்டுங்க. முடி ஆரம்பிக்கிற விளிம்புக்கு மேல டேப் இறுக்கமா ஏறக் கூடாது, ரத்த ஓட்டம் நிக்கும். தினம் மாத்துங்க. ஒழுகுறது நின்னதும் ஊற வைக்கிறதை விட்டுட்டு உலர்வா வைங்க, ரொம்ப ஊறினா குளம்பு மெத்துன்னு ஆயிடும். வலி மருந்து இல்லாம கெட்டித் தரையில சீரா நடந்த பிறகு லாடம், சவாரி அதுக்கும் அப்புறம்.

செவலைக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. இப்போ மூணு கால்ல லாடம், ஒரு கால்ல டயாபர். அதட்டினதுக்கு இன்னும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்குது.