ஸ்டம்பேஜ்: அடிக்கட்டை விலையா, காட்டுவிலையா?

> ஸ்டம்ப் என்றால் அடிக்கட்டை. ஆகவே ஸ்டம்பேஜ் என்பதற்கு 'அடிக்கட்டை விலை' போதும். எளிதாக இருக்கிறது.

ஐயா, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் மர வியாபாரச் சொல்லான ஸ்டம்பேஜுக்கு (stumpage) நீங்கள் எழுதிய மேற்கண்ட குறிப்பைப் பார்த்தேன்.

எளிதுதான். ஆனால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். மரத்தை வெட்டிய பிறகு மண்ணிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் அடிக்கட்டை. ஸ்டம்பேஜ் அதற்கான விலை இல்லை. மரம் காட்டில் நிற்கும்போதே, அதை வெட்டிக்கொள்ள நிலத்துக்காரருக்குக் கொடுக்கும் பணம் அது. வெட்டுக்கூலி, இழுவைக்கூலி, லாரி வாடகை எதுவும் அதில் சேராது.

'நிலைமர விலை' என்று முதலில் யோசித்தேன். தச்சு வேலை செய்யும் மாமாவிடம் சொன்னதும் வாசல் நிலைக்கு வேம்பா தேக்கா என்று பேசத் தொடங்கிவிட்டார். சரி, அது ஆகாது. அப்புறம் 'நிற்புவிலை'. அதிலும் ஒரு சிக்கல்: வெட்டி விழுந்த கொப்புக்கும் நுனிக்கும்கூட நிலத்துக்காரருக்குச் சில இடங்களில் பணம் தருகிறார்கள். அவை நிற்கவில்லையே!

சொல்லை இவ்வளவு அலசுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் எரிசக்தித் துறையும் வேளாண் துறையும் 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. காட்டு வளங்களிலிருந்து, மர ஆலைகளின் மிச்சமும் சேர்த்து, எரிசக்திக்கும் பிற பொருள்களுக்கும் ஆண்டுக்கு 36.8 கோடி உலர் டன் (தண்ணீரைக் கழித்த எடை) மரப்பொருள் கிடைக்கலாம் என்றது அது. அளவு இருந்தது, விலை இல்லை. 2011இல் வந்த புதுப்பித்த பதிப்பில்தான் இன்ன விலை கொடுத்தால் இவ்வளவு மரம் வரும் என்று கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) வாரியாகக் கணக்குப் போட்டார்கள். அதுவும் மரத்தை வெட்டிச் சாலையோரம் கொண்டுவந்து சேர்ப்பது வரைக்குமான விலை. அதைத் தமிழில் வெறுமனே 'மர விலை' என்று எழுதினால், ஆலைக்குப் போய்ச் சேரும் விலை என்றே வாசகர் நினைப்பார். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் லாரி சுமக்கிறது. தூரம் கூடக் கூட இரண்டு விலைக்கும் இடையே பெரிய பள்ளம் விழும்.

அதனால் பொருள் இருக்கும் இடத்தை வைத்தே பெயரிடுவோம்: காட்டுவிலை, சாலைவிலை, ஆலைவிலை. எங்கள் கொங்குப் பக்கத்தில் விளைநிலத்தையும் காடு என்றுதான் சொல்வோம். அங்கே வியாபாரி வெங்காயத்துக்கு விலை கேட்கும்போதும், "காட்டுக்கே வந்து எடுத்துக்கிட்டா என்ன விலை?" என்றுதான் தொடங்குவார். நின்றாலும் விழுந்தாலும் காட்டுவிலை பொருந்தும்.

இன்னொன்று. கொப்பையும் நுனியையும் 'வெட்டுக்கழிவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. மண்ணுக்குச் சத்தாக அதில் ஒரு பங்கைக் காட்டிலேயே விட்டாக வேண்டும். கழிவு என்று எழுதிவிட்டால் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் வந்துவிடும். விறகுக்காரர்கள் சொல்லும் 'மிலாறு' நல்ல சொல். ஆனால் அது மெல்லிய குச்சிகளை மட்டும் குறிக்குமா, கைப்பருமன் உள்ள கொப்பையும் சேர்க்குமா? உங்கள் ஊரில் எப்படி என்று சொல்லுங்கள் ஐயா. அதுவரை பட்டியலில் 'வெட்டுமிச்சம்' என்று இருக்கட்டும்.