டிராக்டரில் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) போட்டால் அரை மணி நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகிறது, வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

வெண்ணாற்றுக்கரை:
வணக்கம். 45 எச்பி, 3 சிலிண்டர் டிராக்டர், 4,200 மணி ஓடியிருக்கிறது. போன சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து சூடாகிறது. டிரெய்லர் இழுத்தால் ஒன்றும் இல்லை, ரோட்டவேட்டரைப் போட்டுச் சேற்றில் இறக்கினால்தான் 30, 40 நிமிடத்தில் முள் ஏறிவிடுகிறது. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டை (சூடேறினால் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) கழற்றிப் போட்டுவிட்டு "இனி ஏறாது" என்றார்கள், முன்னைவிட வேகமாக ஏறுகிறது. இப்போது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், இறக்கிப் பார்க்கணும் என்கிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை உழவு ஒரே நேரத்தில் வந்து நிற்கும், அதற்குள் வண்டி தயாராக வேண்டும். ஹெட்டை இறக்குவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

மேட்டுக்காட்டான்:
ஹெட்டில் கை வைக்க விடாதீங்க தம்பி, முதலில் சிலது சொல்லுங்க. தினமும் எவ்வளவு தண்ணீர் குறைகிறது? ஆயில் குச்சியை உருவினால் பால் கலந்த மாதிரி இருக்கிறதா? காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா? கேஸ்கெட் போன வண்டியில் இதில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

வெண்ணாற்றுக்கரை:
பார்த்துவிட்டேன் அண்ணா. குமிழி இல்லை. ஆயில் வழக்கமான கறுப்புதான். தண்ணீர் மட்டும் ஒரு நாள் உழவுக்கு அரை லிட்டர் குறைகிறது, மூடிக்குக் கீழே இருக்கும் சின்ன டியூப் வாய் எப்போதும் ஈரமாக இருக்கிறது.

பட்டறை22:
அப்படியானால் கேஸ்கெட் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பாரம் ஏறும்போது மட்டும் சூடாகிறது என்றால், இன்ஜின் தள்ளும் சூட்டை ரேடியேட்டர் வெளியே விட முடியவில்லை என்று அர்த்தம். இன்று ராத்திரி இருட்டினதும் ஃபேன் பக்கமிருந்து டார்ச்சை ரேடியேட்டரில் ஒட்டிப் பிடித்து, முன்பக்கம் போய் நின்று பாருங்க, வெளிச்சம் எங்கெல்லாம் வரவில்லையோ அங்கெல்லாம் காற்றும் போகவில்லை. கிரில் வலை சுத்தமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீங்க, அழுக்கு அதற்குப் பின்னால்தான் அடைந்திருக்கும்.

அப்புறம் அந்த மூடி. அதை வெறும் மூடி என்று நினைக்கிறார்கள், அது அழுத்தம் பிடித்தால்தான் வேலை. 0.9 பார் பிடிக்கிற மூடி நன்றாக இருந்தால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது, ரப்பர் போய்விட்டால் 100-லேயே கொதித்து டியூப் வழியாக வெளியே போய்விடும். உங்கள் அரை லிட்டர் அப்படித்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது தப்பு. பல இன்ஜின்களில் சூடேறியதும் பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தொடாத குறுக்கு வழி) அடைப்பதும் அதன் வேலைதான். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சும்மா ஓடும்போதோ இன்ஜின் ஜில்லென்றே கிடக்கும், டீசல் சரியாக எரியாமல் ஆயிலில் இறங்கி லைனரை (சிலிண்டரின் உள் குழாய்) தின்றுவிடும். பழைய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைங்க, மேலே 82 என்று அடித்திருந்தால் தண்ணீர் கொதி வருவதற்குள் வாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

மேட்டுக்காட்டான்:
ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சூடான வண்டியில் மூடியைத் திறக்காதீங்க. என் தம்பிக்கு முழங்கை வரை வெந்து போய் இரண்டு மாதம் கையைத் தூக்க முடியவில்லை. கொதிக்கிற இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், ஹெட் விரிசல் விட்டுவிடும். பாரத்தை எடுத்துவிட்டு கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு அணைங்க, முழுக்க ஆறின பிறகு பார்த்துக்கலாம்.

வெண்ணாற்றுக்கரை:
டார்ச் பிடித்துப் பார்த்தேன். மேலே நாலு விரல் அகலத்துக்கு வெளிச்சம், கீழே முழுக்க இருட்டு! மூடியின் ரப்பர் வளையம் நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. தெர்மோஸ்டாட்டும் வாயை நன்றாகத் திறக்கவில்லை, புதிதாக வாங்க வேண்டியதுதான். ரேடியேட்டரை எப்படிக் கழுவுவது, சர்வீஸ் ஸ்டேஷனில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கலாமா?

பட்டறை22:
கிட்ட வைத்துப் பீய்ச்சினால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்) எல்லாம் மடங்கிப் படுத்துவிடும், வேண்டாம். நனைக்காமல் முதலில் கம்ப்ரஸர் காற்று அடிங்க, வைக்கோல் தூசி ஈரமானால் களி மாதிரி இறுகிவிடும். ஃபேன் காற்றை முன்னாலிருந்து உள்ளே இழுக்கிறது, அதனால் அழுக்கு வந்த வழியே போக ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கி அடிக்கணும். அப்புறம் சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, சாதாரண ஹோஸில் அதே திசையில் கழுவுங்க. கையோடு ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்க, ஒரு விரல் தடிமனுக்கு மேல் இறங்கினால் இறுக்கணும்.

வெண்ணாற்றுக்கரை:
மூன்று மணி நேரம் ஆனது. வைக்கோல் தூசியும் டீசல் பசையும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி பிய்ந்து பிய்ந்து வந்தது. புது மூடி, புது தெர்மோஸ்டாட் போட்டு, பெல்ட்டையும் இறுக்கிவிட்டு நேற்று 2 மணி நேரம் சேற்றில் ஓட்டினேன், முள் பாதிக்கு மேல் அசையவில்லை, டியூப் வாய் காய்ந்தே இருக்கிறது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. ஒரே ஒரு சந்தேகம், இதுவரை போர் தண்ணீர்தான் ஊற்றி வந்தோம், மூடிக்குள் வெள்ளையாக உப்புப் பொருக்கு தெரிகிறது.

பட்டறை22:
அது ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் டியூபுகளிலும் படிந்திருக்கும். வண்டி ஓடி அணைத்ததும், ஃபேன் நின்ற பிறகு, ரேடியேட்டரை அங்கங்கே தொட்டுப் பாருங்க, எல்லா இடமும் சூடாக இருந்து நடுவில் ஒரு திட்டு மட்டும் ஜில்லென்று இருந்தால் அங்கே அடைப்பு. அப்படி இருந்தால் ரேடியேட்டர் கடையில் கொடுத்து உள்ளே சுத்தம் பண்ணணும், இது வீட்டு வேலை இல்லை. திட்டு இல்லையென்றால் இருக்கிற தண்ணீரை வடித்துவிட்டு, கூலண்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து நிரப்புங்க. போர் தண்ணீர் இனி வேண்டாம்.

வெண்ணாற்றுக்கரை:
சரி அண்ணா. நாளை பக்கத்து வயல் 3 ஏக்கர் இருக்கிறது, ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.